துவைத்த துணியையே துவைத்த நாட்கள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் தெருவில் நடந்தது இது. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களை எப்படி அடையாளம் காண்பது, எப்படி உதவுவது என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மதியம் பிரியாணி என்று கேள்விப்பட்டதால் உற்சாகமாகவே போனேன். பிரியமாக வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள், 'இனி எனக்கு எதற்கு' என்பார்கள், அப்படி யாரையாவது பார்த்தால் தனியே விடாதீர்கள், தயங்காமல் நேராகக் கேட்டுவிடுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்றார் டாக்டர். இன்னும் சில அறிகுறிகளும் சொன்னாராம். அதற்குள் பிரியாணி வாசம் வந்துவிட்டதால் நான் கை கழுவப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே எதிர்வீட்டு அண்ணாச்சி எனக்கு ஒரு குக்கரைக் கொடுத்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். ஐந்து லிட்டர் குக்கர், விடுவேனா? வாங்கி அலமாரியில் வைத்தேன். மறுநாள், முப்பது வருஷம் மில்லுக்கு மிதித்த சைக்கிளைப் பால்காரருக்குக் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இனி எனக்கு எதுக்கும்மா?" என்றார். பயிற்சியில் டாக்டர் சொன்ன அதே வார்த்தை!

நேராகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, ஒரு பெரிய மனுஷரிடம் சாவைப் பற்றி எந்த வாயால் கேட்பது? அதனால் கேட்பதை விட்டுவிட்டுக் காவல் போட்டேன். என் கணவரைச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சியையும் சேர்த்துக்கொண்டேன். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஆன பெண். அவள் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

அண்ணாச்சி விடிகாலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போவார். நானும் தங்கச்சியும் துணி வாளியோடு பின்னாலேயே போவோம். அழுக்குத் துணி முதல் நாளே தீர்ந்துவிட்டது. அடுத்த மூன்று நாளும் துவைத்த துணியையே துவைத்தோம். என் கணவருக்கு ஆற்றுத் தண்ணீர் பட்டாலே தும்மல் வரும். அவரையும் அண்ணாச்சி பக்கத்திலேயே இறக்கிவிட்டேன். அண்ணாச்சி முங்கி எழும்வரை கரையில் எனக்கு மூச்சு வராது.

ஐந்து மணிக்கு நான் கதவைத் தட்டும் முன்பே தங்கச்சி வாளியோடு வாசலில் நிற்பாள். "மூணு மணிக்கே முழிச்சிட்டேன்க்கா" என்பாள். என்ன சுறுசுறுப்பான பெண் என்று கணவரிடம் மெச்சிக்கொண்டேன்.

நான்காம் நாள் அண்ணாச்சி எங்கள் மூன்று பேரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"எம்மா, இங்கன என்னதான் நடக்கு? எங்க போனாலும் பின்னாலயே வாரீய. நான் என்ன களவாணியா?"

இனித் தப்பிக்க முடியாது. "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. ஒங்களுக்குச் சாவணும்னு நெனப்பு ஏதும் வருதா?" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்குக் காபி புரையேறிவிட்டது. "எனக்கா? பெங்களூர்ல மவ வீட்டோட போய் இருக்கப்போறேன்மா. பொண்ணு வீட்டுல போய் ஒக்காந்துட்டாருன்னு தெரு பேசுமேன்னுதான் சாமானத்தப் பையப் பைய ஒழிச்சுக்கிட்டு இருந்தேன். அங்க சாம்பார்ல வெல்லம் போடுதாங்களாம். எனக்கு இருக்க ஒரே கவலை அதுதான்!"

என் கணவர் தும்மிக்கொண்டே சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட யாரும் இப்படிக் கேக்கலியேக்கா" என்றாள்.

என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "ஆமாக்கா" என்றாள். மாதக் கணக்கில் தூக்கம் இல்லையாம். காலையில் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லையாம். நாலு பேர் முன்னால் சிரிப்பதே ஒரு வேலையாக இருக்கிறதாம். "வீட்டுல தனியா இருக்கப் பயமா இருந்துச்சு. அதான் நீங்க கூப்பிடவும் ஓடி வந்தேன்" என்றாள்.

'உனக்கென்ன குறை' என்று என் வாய்வரை வந்தது. நல்லவேளை, புத்தி சொல்லாதீர்கள், காது கொடுங்கள் என்று பிரியாணிக்கு முன்னால் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அத்தனை நேரம் வாயை மூடியிருந்ததை என் கணவர் அன்றுதான் பார்த்தார். அண்ணாச்சி, ஆறிப்போன அவளுடைய காபியைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தார்.

அன்றைக்கே அவள் கணவரிடம் சொல்லி, எல்லோருமாகப் பஸ் ஏறித் திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. மாத்திரை, டாக்டரிடம் பேசுவது, மறுபடி போவது என்று பல மாதம் ஆனது. அண்ணாச்சி பெங்களூர் பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைத்துவிட்டு, இனித் தன்னுடைய முறை என்று காவலுக்கு வந்துவிட்டார். "காய் வாங்கப் போனாலும் பின்னாலயே வாராருக்கா" என்று அவள் என்னிடம் புகார் சொன்னாள். புகார் சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு. அன்றைக்கு நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

பிறகு பயிற்சியில் கொடுத்த தாளைத் தேடி எடுத்துப் படித்தேன். தூக்கமின்மை என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. இப்போது யாரிடமும் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்ட கையோடு 'தூங்கினீயளா' என்றும் கேட்கிறேன். எதிரில் இருப்பவர் தயங்கினால் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். திட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் என்ன? அன்றைக்கு நான் தப்பான ஆளிடம்தான் கேட்டேன், ஆனால் வெட்கப்பட்டு அதையும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, பக்கத்து வீட்டிலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.