மிதிக்க ஒரு ஆள்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்தாறு வருடமாக வில்லை தேய்க்கும் அவரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்த வில்லையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுப்பார். கை அவ்வளவு நிதானம். வாய்தான் நிதானமில்லை.

அந்த வாயால்தான் வீட்டில் பேச்சு நின்றது. அவர் மனைவி நர்ஸ். எழுந்து நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு ஊசி போடுவாள். வீட்டிலிருந்த பழைய பச்சைக் காரை அதிகம் ஓட்டியது அவள்தான். ஒருநாள் அவளுடைய அண்ணன் வீட்டில், பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, தமாஷ் என்று நினைத்துக் கண்ணாடிக்காரர் சொன்னார்: "இவ ஓட்டுற லட்சணத்துக்கு பிரேக்கே அழுவும். மிதிச்சு மிதிச்சே தேய்ச்சுடுறா." எல்லோரும் சிரித்தார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். இவரும் இறங்கி வரவில்லை. "அம்மாகிட்ட சாவி எங்கேன்னு கேளு", "அப்பாவச் சாப்பிட வரச்சொல்லு" என்று மகள் கொஞ்ச நாள் தூது போனாள். அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனதும் அந்தத் தூதும் அறுந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் போல இருபத்துமூன்று நாள் ஓடியது.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டரியைப் பார்க்க பானெட்டைத் திறந்தவர் பிரேக் ஆயில் டப்பாவைக் கவனித்தார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, கரி பிடித்த நிறத்தில் கிடந்தது. அடுத்த ஞாயிறு மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்று பானெட்டை மூடினார்.

சனிக்கிழமை புது ஆயில் வாங்கப் போனபோது அதை எப்படி மாற்றுவது என்று தெருமுனை மெக்கானிக்கிடம் விசாரித்தார்.

"மூணு வழி இருக்கு, கண்ணாடிக்காரரே," என்றார் மெக்கானிக். "ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல மிதிக்கணும், ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட திருகைத் திறந்து மூடணும். பழைய ஆயிலும் காத்தும் வெளிய வந்துரும். அதுதான் நம்பகமான வழி. தனி ஆளுன்னா கைப்பம்பு வச்சு உறிஞ்சலாம். அதுவும் இல்லேன்னா திருகைத் திறந்து விட்டுட்டு, தானா சொட்டுற வரைக்கும் தவம் கிடக்கணும்."

"கைப்பம்பு குடுங்க."

"ஏன், வீட்டுல அக்கா இல்லியா?"

"இருக்காங்க," என்று சொல்லிப் பம்பை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் வாசலில் காரைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்திவிட்டார். பின் சக்கரத்தின் திருகில் குழாயை மாட்டி, பம்பை அழுத்தினார். குழாயில் குமிழி வந்தது. வந்துகொண்டே இருந்தது. உள்ளே இருக்கும் காற்றா, திருகின் மரையோரம் நுழைகிற வெளிக்காற்றா என்று சொல்ல முடியவில்லை. ஒரு மணி நேரம் அழுத்தியதில் கட்டைவிரல் கன்றிப்போனதுதான் மிச்சம். பம்பைத் தூக்கி எறிந்துவிட்டுத் தவம் கிடக்கிற வழிக்கு வந்தார். நாற்பது நிமிடத்தில் ஒன்பது சொட்டு விழுந்தது.

பத்து மணிக்கு மருந்துப் பையோடு மனைவி வெளியே வந்தாள். நான்கு சக்கரமும் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கொஞ்சம் பெடல மிதிக்கிறியா?"

அவள் பையைப் படியில் வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவர் காரின் பின்பக்கம் படுத்துக்கொண்டார்.

"மிதி."

"ம்."

"அப்படியே பிடி." திருகைத் திறந்தார். கறுத்த ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது. மூடினார். "விடு."

எட்டுப் பத்து முறை ஆனதும் குமிழி நின்றது. கம்பைக் கண்டால் பாம்பு ஓடுகிற மாதிரி, இவ்வளவு நேரம் படுத்திய காற்று இரண்டு பேரைக் கண்டதும் ஓடிவிட்டதே என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. திருகை இறுக்கிவிட்டு, "ஒரு தடவ நல்லா மிதிச்சுப் பாரு, கல்லு மாதிரி நிக்கணும்," என்றார்.

"நிக்கல. இன்னிக்கும் தரையில போய் முட்டுது."

அவர் தலையைத் தூக்கினார். "இன்னிக்கும்னா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து அப்படித்தான். ரெண்டு மூணு தடவ மிதிச்சா பிடிக்கும். சில சமயம் பிடிக்காது. மெதுவா ஓட்டிச் சமாளிச்சேன்."

அவர் எழுந்து கதவருகே வந்தார். அவள் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினாள். ஆஸ்பத்திரிச் சரிவில் இறங்கும்போது பெடல் கால் வைத்ததும் உள்ளே போய்விட்டது. முன்னால் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். இவள் கைப்பிரேக்கை இழுத்து, இடதுபக்கச் சுவரில் காரை உரசவிட்டு நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல. பேசிக்கிட்டே போயிட்டா. நான்தான் அப்புறம் ரொம்ப நேரம் வண்டிய எடுக்கல."

அவர் இடதுபக்கம் போய்ப் பார்த்தார். முன் கதவிலிருந்து பின் கதவு வரை பச்சை உரிந்து தகரம் தெரிந்தது. மூன்று நாளாக அந்தப் பக்கம் சுவரையொட்டியே நின்றது; காலையில் தாங்கி வைத்தபோதும் அவர் கண் காரின் அடியில்தான் இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவீங்க? நான் மிதிச்சு மிதிச்சே கெடுத்துட்டேன்னுதானே?"

அவர் உரிந்த இடத்தை விரலால் தடவினார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாய் அதுவாகவே திறந்தது: "ஆயில் இறங்கியிருக்கிறத நான் போன ஞாயித்துக்கிழமையே பாத்தேன்."

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "தெரிஞ்சுக்கிட்டேதான் ஒரு வாரமா என்ன அனுப்புனீங்களா?"

அவர் கையிலிருந்த ஸ்பானர் நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்துக்கு இருவருமே திடுக்கிட்டார்கள். அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

மெக்கானிக் வந்து பெடலுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவி, ஈரத்தைக் காட்டினார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து ஆயில் உள்பக்கமாகக் கசிந்திருந்தது. "எந்த வழியில காத்த எடுத்தாலும் பெடல் நின்னிருக்காது. உங்க நல்ல நேரம், ஆளு தப்பிச்சாங்க." காரைக் கட்டி இழுத்துப் போனார்.

மறுநாள் கடைக்குப் போகுமுன் கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரிச் சரிவுக்கு நடந்து போனார். சுவரில் பச்சைக் கோடு மூன்று ஆள் நீளத்துக்கு இழுபட்டிருந்தது. அது முடிந்த இடத்திலிருந்து சாலையைக் கடக்கும் வெள்ளைப் பட்டைக்கு அடி வைத்து அளந்தார். நான்கு அடிதான். அவர் அங்கே நிற்கும்போதே இரண்டு பேர் அதன் வழியாகக் கடந்து போனார்கள். நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்று கடையில் மூன்று வில்லைகள் அவர் கையில் உடைந்தன.

அன்று மாலையே மைத்துனர் வீட்டுக்குப் போய், அன்று சிரித்தவர்களில் கிடைத்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. மைத்துனர் மட்டும், "மாப்ள, நீங்க மனுஷனா?" என்று கேட்டார்.

மனைவி மேலும் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் கார் பழுது தீர்ந்து வந்தது. சாவியை வாங்கிக்கொண்டு அவள்தான் முதலில் பானெட்டைத் திறந்தாள்.

"எந்த டப்பா? எந்தக் கோடு? காட்டுங்க," என்றாள்.

அவர் காட்டினார்.