சித்தி என்று கூப்பிட்ட மகள்

எங்கள் நகரிப் பக்கம் ஆந்திராவா, மெட்ராஸா என்று ஊரே வாதாடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஒன்பது பிள்ளைகள். என் மூத்த ஓரகத்தியின் பிள்ளைகளைப் பார்த்து, என் மூன்று வயது மகளும் அவரை "அம்மா" என்றாள். பெற்ற என்னை "சித்தி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

திருமலையில் பிள்ளைகளுக்கு மொட்டை போட்ட அன்று அவளைக் காணவில்லை. ஓரகத்தியிடம் இருப்பாள் என்று நானும், என்னிடம் இருப்பாள் என்று அவரும் நினைத்திருந்தோம். பதறித் தேடியபோது, குளக்கரையில் யாரோ ஒரு பெரியவர் மடியில், சந்தனம் பூசிய தலையோடு அழுதுகொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் "சித்தி!" என்றாள்.

பெரியவர் பிடியை விடவில்லை. "அம்மா வேணும்னு அழுதுக்கினு கீது. நீ சித்திதானே? போய் அம்மாவ வரச் சொல்லு."

"நான்தாங்க பெத்தவ!"

"பெத்தவள எந்தக் கொழந்த சித்தின்னு கூப்புடும்?"

அதற்குள் மூச்சிரைக்க வந்த ஓரகத்தியிடம் மகள் "அம்மா!" என்று தாவினாள். ஓரகத்தி அவளை வாங்கி, அப்படியே என் இடுப்பில் வைத்தார். "ஒன் அம்மா இவதாண்டி, கண்ணு."

அந்த நெரிசலான வீட்டுக்கு இன்னும் ஏங்குகிறேன். அங்கே பிற்பாடு கடைசிக் கொழுந்தனின் மகன் "அம்மா" என்று என்னிடம் ஓடி வந்தபோதெல்லாம், ஆசை தீரக் கொஞ்சிவிட்டு, அவன் தாயின் மடியில் கொண்டுபோய் உட்கார்த்தி, "அம்மா யாரு, சொல்லு" என்பேன்.