காலண்டரில் பறக்கும் பெண்

மாநில ஜிம்னாஸ்டிக்ஸில் நான் தங்கம் வாங்கிய வருடம், அம்மா வேலை பார்த்த திருப்பூர் பனியன் கம்பெனியின் ஆயுதபூஜைக்கு முதலாளி என்னை அழைத்தார்.

"கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்கோணும். ஒரு பல்டி அடி கண்ணு."

மெத்தை இல்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைப் பரப்பினார்கள். துணிதானே என்று நம்பிக் குதித்தேன். மில்லுக்கு அனுப்ப மெஷினில் அழுத்திக் கட்டியவை அவை, கல்லாக இருந்தன. முழங்கால் முறிந்து அலறினேன்.

முதலாளி போட்டோகிராபரிடம் கேட்டார்: "படம் நல்லா வந்துச்சுங்களா?"

இப்போது அங்கேயே செக்கிங் வேலை. நேற்று நான் விந்தி விந்தி வருவதைப் பார்த்த புது சூப்பர்வைசர், சுவரிலிருந்த பழைய காலண்டரைக் காட்டினான்.

"அந்தப் புள்ளயப் பாருங்கக்கா, எப்படிப் பறக்குது! நீங்களும் இருக்கீங்களே."

 நிமிர்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் பறந்திருக்கிறேன்.