ஸ்டெல்லா அவர்கள் ஏற்றுக்கொண்ட என் தப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஜெபமாலை முடித்து எழுந்தபோது, மாடி வீட்டிலிருந்து ஸ்டெல்லா அவர்களின் தம்பி இறங்கி வந்தார். "அக்கா போய்ட்டாங்க, மேரிக்கா. மாரடைப்பு" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அந்த நிம்மதிக்கு வெட்கப்பட்டே இதை எழுதுகிறேன்.

அயனம்பாக்கத்தில் எங்கள் மாடிக்கு அவர் குடிவந்து ஏழு ஆண்டுகள். குற்ற உளவியல் படித்தவர். பூட்டை உடைத்தார்களா, பகலா இரவா, எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று பழைய திருட்டு வழக்குகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, இப்படித் திருடுபவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று கணிப்பது அவர் வேலை. "மத்தவங்க மோப்பம் புடிச்சு சொல்றத நான் எண்ணிப் பாத்துச் சொல்றேன், அவ்ளோதான்" என்பார்.

நான் எட்டாவதோடு நின்றவள். கணினி நானாகக் கற்றுக்கொண்டது. என் வீட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டியவர், "என்னக்கா, கொத்தமல்லிக்குக்கூட தேதி போட்டிருக்கீங்க! எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இந்தப் பொறுமை கிடையாது" என்று சிரித்தார். பெயர் நீக்கிய வழக்குத் தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலையை அனுமதி வாங்கி எனக்குத் தந்தார். "தாள்ல இல்லன்னா கட்டத்தைக் காலியா விடுங்க. தெரியாதது தெரியாததாவே இருக்கட்டும்" என்று முதல் நாளே சொன்னார்.

என்னால் முடியவில்லை. காலிக் கட்டம் எனக்குக் கூட்டாத வாசல் மாதிரி. 'திருடியவருக்கு அந்த வீடு முன்பே பழக்கமா?' என்ற இடத்தில் பாதிக்குமேல் காலி. வீட்டில் வெள்ளையடித்ததாகத் தாளில் ஒரு வரி இருந்தால் போதும், 'வேலைக்கு வந்தவர்' என்று நிரப்பினேன். வேறு யாராக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நான் நிரப்பியதையும் சேர்த்து எண்ணி, 'வேலைக்கு வந்தவராக இருக்கலாம்' என்று கணினி தந்த கணிப்பை நம்பி, அம்பத்தூரில் நகை காணாமல்போன ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்த ஏழுமலை என்பவரைக் காவல் நிலையத்தில் இரண்டு நாள் உட்காரவைத்தார்கள். ஸ்டெல்லா அவர்களுக்கு உறுத்தியது. மூலத் தாள்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு, என் சமையலறைக்கு வந்து நின்றார்.

"அக்கா, இதெல்லாம் தாள்ல இருந்துச்சா?"

"இல்லம்மா. அப்படித்தானே இருக்கும்னு..."

"நம்ம மனசுல இருக்கறதையே நமக்குத் திருப்பிச் சொல்ல எதுக்குக்கா கம்ப்யூட்டர்?"

அவ்வளவுதான் கேட்டார். மறுநாளே, தவறு தன்னுடையது என்று எழுதிக்கொடுத்தார். ஏழுமலையை விட்டுவிட்டார்கள். அந்த ஆய்வு ஸ்டெல்லா அவர்கள் கையைவிட்டுப் போனது. என் பெயரை எங்கும் சொல்லவில்லை. நான் ஞாயிறுதோறும் கோயிலில் எல்லார் முன்னும் நின்று வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு ஏழுமலை வந்திருந்தார். மண் போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்று சொன்னார்: "இந்தம்மாதான் தப்பா எழுதி என்ன மாட்டிவுட்டுச்சு. ஆனா ஊடு தேடி வந்து மன்னிப்பு கேட்டுச்சு பாரும்மா, எவன் கேப்பான்?"

நானும் ஒரு பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதை எங்கள் கோயிலின் பங்கு இதழுக்குக் கொடுக்கும் முன், திருநின்றவூரில் ஏழுமலை வேலை செய்யும் இடத்துக்குப் போய் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "அந்தம்மா உசுரோட கீறப்பவே சொல்லிருக்கலாமேம்மா" என்றார். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஸ்டெல்லாம்மா, நீங்கள் கேட்க முடியாதபோதுதான் சொல்கிறேன். தப்பு என்னுடையது. ஆண்டவரிடம் இளைப்பாறுங்கள்.