மூன்று இருக்கிறது, நாற்பது இல்லை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் இப்போது ஆள் இல்லை. கடையில் அவர் ‘பவர் அண்ணன்’. அவர் மனிதர்களை முகத்தை வைத்து நினைவில் வைத்ததில்லை, பவரை வைத்துத்தான். “அந்த பேங்க் மேடம் வந்தாங்களே” என்றால் விழிப்பார். “மைனஸ் நாலரை, இடது கண்ணுல சிலிண்டர்” என்று கண்ணாடிச் சீட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும். “ஓ, அவங்களா! பாவம், மூக்குத்தண்டு சின்னது. எந்த பிரேமும் நிக்காது” என்பார்.

பின்னறைக்குச் சில படிகள் இறங்கிப் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. தேய்க்கும் சக்கரத்தின் மேல் நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் ஓரம் கரைந்து மாவு போல வெள்ளையாக வழியும். முன்பக்கத்தில் வாடிக்கையாளர்கள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, “அட, அந்த போர்டு இப்ப படிக்க முடியுதே!” என்று வியக்கும் சத்தம் மட்டும் படி வழியாக இறங்கி வரும். அவர்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் அதற்காக வருந்தியதில்லை.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. தங்கைக்கு முதலில் முடியட்டும் என்று இருந்தார். அது முடிந்த கையோடு அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மா கண்ணை மூடிய பிறகு யாரோ பேச்செடுத்தபோது, “இனிமே வந்து என்ன செய்யப் போறா, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பாளா?” என்று சிரித்தே தட்டிவிட்டார். தங்கை கணவனோடு கடல் கடந்து போய்ப் பல வருடம். இவருக்கு ஒரு மாடி அறை, கீழே வீட்டுக்காரம்மா, ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கையிடமிருந்து ஒரு போன். வாழ்க்கை அவ்வளவுதான் என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார்.

அந்த போன் பழைய பட்டன் போன். ஒருநாள் போன் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. பழைய நெட்வொர்க்கை மூடப் போகிறார்கள், இனி 4ஜி போனில்தான் பேச முடியும். தங்கையிடம் சொன்னார். “கவலைப்படாதே அண்ணா, இங்க உன் மச்சானோட போன் ஒண்ணு சும்மா கிடக்குது. புதுசு மாதிரி இருக்கும். தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க வர்றார், கொடுத்தனுப்பறேன். இனிமே முகத்தைப் பார்த்தே பேசலாம்” என்றாள்.

போன் வந்தது. பளபளவென்று, அவர் கைக்குக் கொஞ்சம் பெரிதாக. சிம்மைப் போட்டார். கடைக்கு வெளியே தெருவில் நின்றால் இரண்டு கோடு காட்டியது. படி இறங்கிப் பின்னறைக்குப் போனால் ஒன்றுமில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் சுத்தமாக ‘சேவை இல்லை’. ஜன்னலில் நீட்டினார், நாற்காலி மேல் ஏறினார். மொட்டை மாடிக்குப் போய்க் கையை உயர்த்திச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, என்ன, விமானத்தை இறக்குறீங்களா?”

“சிக்னல் பிடிக்கிறேம்மா.”

“பிடிச்சா எனக்கும் கொஞ்சம் கொடுங்க.”

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் நின்றபடி தங்கைக்குப் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. அங்கே அது விடியாத நேரம் என்பது பிறகுதான் உறைத்தது. பரவாயில்லை, பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீட்டில் சிக்னல் இல்லையே!

மறுபடி தெருவில் நின்று கூப்பிட்டு அவள் தூக்கத்தைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே வாரங்கள் ஓடின. ஒவ்வொரு ஞாயிறும் அந்த நேரத்துக்கு அவர் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். பாவம், அடித்து அடித்துப் பார்த்திருப்பாள். அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பாள். அடுப்பங்கரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நிற்பதைப் போலவும், மச்சான் “மறுபடி போடு, கிடைக்கும்” என்று சொல்வதைப் போலவும் நினைத்துக்கொள்வார். அவளைத் தவிக்க விடுகிறோமே என்று வருத்தம். ஆனாலும் அந்த நினைப்பே அந்த அறையில் அவருக்கு ஒரு துணையாகவும் இருந்தது.

அவர் முகம் வாடுவதைப் பார்த்த முதலாளிதான் கேட்டார்.

“என்ன பவர், உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார். தங்கச்சி கூப்பிட்டா போன் கிடைக்க மாட்டேங்குது.”

“அதுக்கு ஏன் கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரிப்பேர்க் கடை இருக்குல்ல, அந்தம்மாகிட்ட காட்டுங்க. செத்த போனைக்கூட எழுப்பி உக்கார வச்சிடும்.”

அந்தக் கடை ஒரு மாடிப்படியின் அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நாற்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி, நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிரித்துப் போட்ட போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இவர் போனை நீட்டுவதற்கு முன்பே, “அந்த லென்ஸுல கீறல் விழுந்திருக்கேம்மா. கண்ணு வலிக்குமே” என்றார்.

“வலிக்குது சார். போனுக்கு வந்தீங்களா, என் கண்ணுக்கு வந்தீங்களா?”

போனைக் கொடுத்தார். கடைத்தெருவில் இரண்டு கோடு, வீட்டில் பூஜ்யம் என்றார். அவள் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“இது இங்க வாங்கினது இல்லையே.”

“தங்கச்சி அனுப்பினா. வெளிநாட்டுலேருந்து.”

“அதான பார்த்தேன்.” செட்டிங்ஸைத் திறந்து மாடல் எண்ணைக் காட்டினாள். “இதே பேருல இங்கயும் போன் விக்கிறாங்க. பார்த்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா கடைசி எழுத்து வேற. அந்த ஒரு எழுத்துலதான் எல்லாம் இருக்கு.”

“எழுத்துல என்னம்மா இருக்கு?”

“டவர்லேருந்து வர்றது ஒரே அலை இல்ல சார். ரேடியோவுல ஸ்டேஷன் மாதிரி தனித்தனியா இருக்கு. பேண்டுன்னு சொல்லுவோம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். எந்தெந்த நாட்டுல எந்த நம்பர் ஓடுதோ, அதுக்குத் தகுந்த மாதிரி போனைச் செய்வாங்க.” பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் மாடல் எண்ணைத் தட்டினாள். பிறகு இவருடைய கம்பெனியின் பெயரைத் தட்டினாள். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டாள். “வீடு எந்தப் பக்கம்?”

சொன்னார்.

“அப்போ சரி. உங்க கம்பெனி இந்தக் கடைத்தெருவுல மூணாம் நம்பர் அலையில கொடுக்குது. உங்க ஏரியாவுல நாப்பது மட்டும்தான். இந்த போன்ல மூணு இருக்கு, நாப்பது இல்ல. நீங்க மொட்டை மாடியில நின்னாலும் சரி, டவர் மேலயே ஏறி உக்காந்தாலும் சரி, அதுக்குக் காது கேக்காது.”

“பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கிட்ட மாதிரி.”

“அதேதான்!”

வேறொரு கம்பெனி அந்த ஏரியாவில் ஒன்றாம் நம்பரிலும் மூன்றாம் நம்பரிலும் கொடுக்கிறது, இரண்டும் இந்த போனில் இருக்கின்றன என்று பார்த்துச் சொன்னாள். நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். சில நாள் ஆகும், அவ்வளவுதான். அவருக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. எழுந்தவர், மறுபடி குனிந்து கேட்டார்.

“ஏம்மா, சிக்னல் இல்லாதப்போ யாராவது கூப்பிட்டிருந்தா, அப்புறம் சிக்னல் வர்ற இடத்துக்கு வந்ததும் இதுல தெரியுமா?”

அவள் திரையைப் பார்த்தாள். தெரியும். கம்பெனியிலிருந்து ஒரு செய்தியாவது வந்துவிடும். அந்த போனில் அப்படி ஒன்றும் இல்லை. விளம்பரச் செய்திகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன.

“சில சமயம் வரும் சார், சில சமயம் வராது. வெளிநாட்டுக் கால் வேற” என்று சொல்லிவிட்டு, நெற்றியிலிருந்த லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டாள்.

புது சிம் வேலை செய்யத் தொடங்கிய அன்று அவர் அறையின் நடுவில் நின்று பார்த்தார். நான்கு கோடு. கட்டிலில் படுத்துப் பார்த்தார், நான்கு. குளியலறைக்குள்ளும் மூன்று. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே குளித்து, தேய்த்த சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டார். முகம் தெரியுமே! ஜன்னல் வெளிச்சம் விழுகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

வழக்கமான நேரம் வந்தது, போனது. பால்காரர் வந்து போனார். எதிர் வீட்டு மாடியில் யாரோ படுக்கையை உதறினார்கள். போன் பேசாமல் கிடந்தது. ஒருவேளை மணிச் சத்தம் அமுங்கிவிட்டதோ? படியில் தலையை நீட்டினார்.

“அம்மா, என் நம்பருக்கு ஒரு போன் போடுங்களேன்.”

“நீங்கதான் மேலயே இருக்கீங்களே தம்பி! குரல் கொடுத்தா போதாதா?”

“சும்மா போட்டுப் பாருங்கம்மா.”

போன் வீடே அதிர அடித்தது. மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

“கேக்குதா தம்பி?”

“கேக்குதும்மா. நல்லா கேக்குது.”

“நல்லதாப் போச்சு. வச்சிடவா?”

“வச்சிடுங்க.”

பொழுது சாய்ந்து, அங்கே விடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகு அவரே கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள். திரையில் ஒரு முகம் வந்தது. தங்கையின் முகம்தான், கொஞ்சம் பூசினாற்போல், காதோரம் நரைத்து. அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய சமையலறை.

“அட, அண்ணா! என்ன, ஏதாவது அவசரமா?”

“அவசரமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. போன் சரியாயிடுச்சு, அதைச் சொல்லத்தான். இவ்வளவு நாளா வீட்டுல சிக்னலே இல்ல. நீ அனுப்பின போனுக்கும் இங்க வர்ற அலைக்கும் பொருந்தலையாம். நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருப்ப. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே.”

அவள் பார்வை திரையை விட்டு விலகியது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்ல வராது. மிட்டாய் திருடினால்கூட அம்மா கேட்பதற்கு முன்பே அழுதுவிடுவாள்.

“சிக்னல் இல்லையா அண்ணா?” என்றாள். “எனக்குத் தெரியவே தெரியாதே.”

அவருக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. சிக்னல் இல்லை என்று தெரியாதென்றால், ஒரு தடவைகூட அவள் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. அடுப்பங்கரையில் தவித்துக்கொண்டு நின்ற தங்கை, மறுபடி போடச் சொன்ன மச்சான், இவ்வளவு நாளும் அறையில் கூட இருந்த அத்தனை பேரும் எழுந்து போய்விட்டது போல இருந்தது.

“அதான் இப்ப சொல்லிட்டேனே” என்றார்.

“நீ அன்னிக்குக் கூப்பிட்டதைப் பார்த்தேன். கூப்பிடணும் கூப்பிடணும்னுதான்…” அவள் குரல் இறங்கியது. “கூப்பிடலைண்ணா.”

“வேலை இருந்திருக்கும்.”

“வேலைன்னு சொல்ல மாட்டேன். கூப்பிட்டா என்ன பேசறதுன்னு தெரியல. சாப்பிட்டியான்னு நீ கேப்ப, சாப்பிட்டேன்னு நான் சொல்லுவேன். உடம்பு எப்படின்னு நான் கேப்பேன், நல்லா இருக்குன்னு நீ சொல்லுவ. அப்புறம் ரெண்டு பேரும் சும்மா இருப்போம். அம்மா இருந்தவரைக்கும் அம்மாவைப் பத்திப் பேசினோம். இப்ப அந்தச் சும்மா இருக்கறதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.”

அவருக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தை அவர் வாரம் முழுக்க எதிர்பார்த்திருந்தார் என்பதை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்போதுதான் கவனித்தார்.

“நீ கண்ணாடி போட்டிருக்கியா?”

“ஆமா. அது ஆச்சு, மூணு வருஷம்.”

“மூணு வருஷமா!”

“சொல்லலையா நான்?”

“சொல்லல.”

ஊரில் பாதிப் பேரின் பவர் அவருக்கு மனப்பாடம். சொந்தத் தங்கை கண்ணாடி போட்டது தெரியாது. என்ன பவர் என்று கேட்டார். சீட்டைத் தேடிப் பார்க்க வேண்டும் என்றாள். தேடிப் போனாள். திரையில் காலி நாற்காலி ஒன்றும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பிள்ளைகளின் படங்களும் தெரிந்தன. பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள். அவர் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தவள், “கிடைக்கலைண்ணா, எடுத்து வச்சுச் சொல்றேன்” என்றாள். வாசலில் யாரோ மணி அடித்தார்கள். “வச்சிடறேன், என்ன?”

“சரிம்மா.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோறு ஆறிப் போயிருந்தது. அதைச் சூடு பண்ணாமலே சாப்பிட்டார்.

அதன் பிறகு அவள் கூப்பிடவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு புதன்கிழமை, அவர் பஸ்ஸில் இருந்தபோது, திடீரென்று கூப்பிட்டு இரண்டு கண்ணின் பவரையும் படித்துச் சொன்னாள். இடது கண்ணுக்கு எழுதியிருந்த கோண எண்ணைத் தலைகீழாகப் படித்தாள். அது நூற்றெண்பதைத் தாண்டாதே என்று இவர் திருத்தினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பஸ்ஸின் இரைச்சலில் அது அவ்வளவு தெரியவில்லை. பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை. ஒரு ஞாயிறு இவர் கூப்பிட்டார், அவள் எடுக்கவில்லை. இன்னொரு ஞாயிறு எடுத்து, “நான் பாத்திரம் கழுவிக்கிட்டே பேசறேன்” என்று போனை எங்கேயோ சாய்த்து வைத்தாள். திரையில் கூரையும் ஒரு முழங்கையும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இவரும் தன் பக்கத்தில் துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

வேலை முடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “அப்புறம் என்னண்ணா?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றார் அவர். “நீ போய் வேலையைப் பாரு.”

திரை இருண்டது. மடிப்பதற்கு இன்னும் இரண்டு சட்டைகள் பாக்கி இருந்தன.