கடைசியாக வந்ததற்கு ஒரு கப்

என் அப்பா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கப் வாங்கினார். அதுவும் கடைசியாக வந்ததற்கு.

போன மாதம் திருமுல்கேரி சபை மண்டபத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தோம். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்க வேண்டும் என்று தம்பி எழுதிக்கொண்டு வந்தான். கடின உழைப்பாளி, அன்பான கணவர், பாசமுள்ள தந்தை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பேரை மட்டும் மாற்றினால் ஊரில் செத்துப்போகிற எல்லா அப்பாக்களுக்கும் அதையே கொடுத்துவிடலாம். கப் வாங்கினதை எழுதுடா என்றேன். அவன் அப்போது கைக்குழந்தை, அவனுக்கு என்ன தெரியும் பாவம். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தெலுங்குச் சீமைக்கு வந்து மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். மௌலா அலியில் தொழிற்சாலைக் காலனியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை என்றால் இவரே நின்று அதையும் முடித்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் ஆரம்பித்ததும் உட்கார்ந்தபடியே தூங்குவார். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து இருமுவாள். அந்த இருமல் அவருக்குத்தான் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும்.

வேலைக்குப் போகும்போது சைக்கிளில் பறப்பார். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பி, ஊதி முடிப்பதற்குள் கேட்டுக்குள் இருப்பார். ஆனால் அந்த அதிகாலையில் காலனிப் பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள் கிடக்கும். அவர்கள் பார்த்தது வேறு ஒரு அப்பாவை.

அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து வலது கால் சூம்பிவிட்டது. இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். மற்றவர்கள் பத்து நிமிஷத்தில் போகிற இடத்துக்கு அவளுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். சைக்கிள் கேரியரில் உட்கார மாட்டாள். கல்யாணமான புதிதில் சேலை சக்கரத்தில் மாட்டி, கடைத்தெரு நடுவில் இரண்டு பேரும் விழுந்தார்களாம். அன்றோடு சரி. ஆட்டோவில் போகலாமே என்றால், என் காலுக்கு என்ன கேடு என்று கேட்பாள். யாராவது அவளுக்காக நடையைக் குறைத்தாலோ, முன்னால் போய்க் காத்து நின்றாலோ, அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். "நீங்க போங்க, நான் என்ன பச்சப்பிள்ளையா" என்பாள்.

ஷிப்டைப் பொறுத்து காலையில் கொண்டுபோய் விடுவார் அப்பா, அல்லது மாலையில் கூட்டி வருவார். அவள் பையும் குடையும் ஹேண்டில்பாரில் தொங்கும். அவள் நடப்பாள், இவர் பக்கத்தில் சைக்கிளில் வருவார். அவள் நடக்கிற வேகத்துக்கே. சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டும். இறங்கி உருட்டிக்கொண்டு வந்தால் என்ன, அதற்குக்கூடச் சோம்பலா என்று எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை அதை நேராகவே கேட்டேன். "நான் எறங்குனா உங்கம்மா திரும்பி வீட்டுக்குப் போயிருவா" என்று சிரித்தார். பெரியவர்கள் பதில் தெரியாதபோது இப்படித்தான் எதையாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

காலனியில் அவருக்கு 'ஸ்லோ அங்கிள்' என்று பேர் விழுந்தது. வைத்தவள் ஃபோர்மேன் மகள், என் வகுப்பு. அப்பா தெருமுனையில் தெரிந்தால் போதும், ஸ்லோ அங்கிள் வந்தாச்சு என்று உருதுவில், "ஸ்லோ அங்கிள் ஆயே" என்று கத்துவாள். மற்றதுகளும் சேர்ந்துகொள்ளும். நான் அப்போது நான்காம் வகுப்பு, வாய் கொஞ்சம் நீளம். எங்கப்பா தனியாகப் போகும்போது பார், உங்கப்பாவெல்லாம் பிடிக்கவே முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஹவ் க்யா? தோ ரேஸ் மே ஆனே போல்" என்றாள். ரேசுக்கு வரச் சொல் என்கிறாள்.

காலனி கிளப்பில் ஸ்போர்ட்ஸ் டே நடக்கிற சமயம் அது. பலகையில் பேர் எழுதும் தாள் ஒட்டியிருந்தது. 'சைக்கிள் ரேஸ், ஆண்கள்' என்ற தாளில் என் அழகான கையெழுத்தில் அப்பா பேரையும் டோக்கன் நம்பரையும் எழுதிவிட்டு வந்தேன். ஒரே ரேஸ், அந்தப் பேர் ஒழிந்துபோகும். என் கணக்கு அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை வீட்டில் மூச்சு விடவில்லை. அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார், அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, யாரக் கேட்டு எழுதுன? எனக்கு நாளைக்கு மொத ஷிப்டுல்லா" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குத் தமிழ் ஓடிவிடும். "சப்பீ ஸ்லோ அங்கிள் போல்தே", எல்லோரும் ஸ்லோ அங்கிள் என்கிறார்கள் என்று விம்மினேன்.

அம்மா கத்தியை நிறுத்தினாள். "எதுக்கு அப்படிச் சொல்லுதாங்க?"

"உன்கூட சைக்கிள்ல மெதுவா வாராருல்ல. அதான்."

அம்மா கையிலிருந்த பீன்ஸையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அழாத. வாரேன்" என்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் மைதானத்தில் காலனியே கூடியிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு கிளப் செக்ரட்டரி மைக்கில் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஒரு விதியை வாசித்தார். வேகமான சைக்கிள் ரேஸ் பையன்களுக்கு மட்டும். கல்யாணமான ஆண்களுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ். கல்யாணமானவனுக்கு இதுதான் என்று முடிவு செய்த அந்தப் புண்ணியவானை நினைத்து இன்றைக்குச் சிரிக்கிறேன். அன்றைக்கு எங்கேயாவது ஓடி ஒளியலாமா என்று பார்த்தேன். சுண்ணாம்புக் கோட்டுக்குள் போக வேண்டும், காலைத் தரையில் ஊன்றக் கூடாது, கோட்டைத் தாண்டக் கூடாது, எல்லோருக்கும் கடைசியாக வருகிறவர் ஜெயித்தவர். ஸ்லோ அங்கிளை ஸ்லோ ரேசில் நானே கொண்டுபோய் மாட்டிவிட்டிருக்கிறேன். ஜெயித்தாலும் அந்தப் பேர்தான், தோற்றால் அதற்குக்கூட லாயக்கில்லை என்பார்கள். ஃபோர்மேன் மகள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்கியது. கழற்றி வைக்கச் சொன்னார்கள். இருக்கட்டும், அது இல்லாவிட்டால் கை ஆடும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டார். பக்கத்துக் கோட்டில் ஃபோர்மேன், மூன்று வருஷமாக ஜெயித்துவருகிறவர். புது சைக்கிள், வெள்ளை கான்வாஸ் ஷூ. மொத்தம் ஆறு பேர்.

விசில் ஊதியதும் இரண்டு பேர் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவர் கோட்டைத் தாண்டி ஃபோர்மேன் மேலேயே விழப் பார்த்தார். இன்னொருவர் பயத்தில் மிதித்து எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து, கூட்டத்திடம் கேலி வாங்கிக்கொண்டார். மிச்சம் அப்பாவும் ஃபோர்மேனும். ஃபோர்மேன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டு, சர்க்கஸ்காரர் மாதிரி நின்றார். அப்பாவுக்கு அந்த வித்தை எல்லாம் தெரியாது. பாதி தூரத்தில் அவருடைய முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது. அவர் அடிக்கடி வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. சக்கரம் கோட்டை உரசிக்கொண்டு போனது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மா எழுந்தாள்.

பெண்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகளிலிருந்து எழுந்து, மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். கூட்டம் என்றால் ஓரமாகவே போகிறவள், கல்யாண வீட்டில்கூட எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகே பந்திக்குப் போகிறவள், அத்தனை பேர் பார்க்க இழுத்து இழுத்து நடந்து வந்தாள். எனக்கு உயிரே போயிற்று. இந்த அம்மா எதுக்கு இப்போ வருது, எல்லாரும் பார்க்கிறாங்களே என்று முகத்தை மூடிக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் கோட்டுக்கு வெளியே, அப்பாவுக்கு வலது பக்கமாக வந்து சேர்ந்தாள். அவரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி நேரே பார்த்தபடி தன் நடையில் நடந்தாள்.

ஆடிக்கொண்டிருந்த சக்கரம் நின்றுபோனது. நிற்கவில்லை, நின்ற மாதிரி ஓடியது. தினமும் தெருவில் நான் பார்த்து எரிச்சல்பட்ட அதே ஓட்டம். அதற்குப் பிறகு அப்பா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபோர்மேன்தான் பார்த்தார், இவர் எப்படி இவ்வளவு மெதுவாக வருகிறார் என்று. அப்படிப் பார்த்ததில் வெள்ளை ஷூ தரையில் பட்டுவிட்டது.

விசில் அடித்து, ஜெயித்தாயிற்று, இறங்கலாம் என்று செக்ரட்டரி மைக்கில் சொன்னார். அப்பா இறங்கவில்லை. மிச்ச தூரத்தையும் அம்மாவோடு, அம்மாவின் வேகத்திலேயே வந்தார். மைதானம் கைதட்ட ஆரம்பித்தது. எல்லைக்கயிறு வரும்வரை கைதட்டல் நிற்கவில்லை. மெதுவாக வந்தார்கள் அல்லவா, ரொம்ப நேரம் தட்ட வேண்டியிருந்தது. ஃபோர்மேன் வந்து அப்பாவின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

ஸ்லோ அங்கிள் என்ற பேர் போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அதைச் சொல்லும் குரல் மாறிவிட்டது. பையன்கள் சைக்கிளோடு வந்து, சொல்லிக்கொடுங்க ஸ்லோ அங்கிள் என்று வாசலில் நின்றார்கள். நானே பள்ளிக்கூடத்தில் ஸ்லோ அங்கிள் மகள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது நான் கப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். டம்ளர் அளவுதான் இருக்கும், ஆனால் எல்லோரும் பார்க்க வேண்டுமே என்று முதல் தடவையாக நானும் மெதுவாக நடந்தேன். பின்னால் அம்மா, பக்கத்தில் சைக்கிளில் அப்பா.

"ஏம்மா எழுந்து வந்தே?" என்று கேட்டேன்.

"நாற்காலில ஒரே வெயிலு. மண்டையப் பொளக்கு" என்றாள்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் அந்தத் தாளில் போடப் படம் தேடியபோது, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிளப்காரர்கள் அன்று ரேசின்போது எடுத்த போட்டோ கிடைத்தது. அப்பாவும் அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில், இருவர் முகத்திலும் நல்ல வெயில். பின்னால் பெண்கள் வரிசை, அதன் மேல் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஷாமியானா. ஒரே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அது நிழலில்தான் இருக்கிறது.