எவர்சில்வர் நங்கூரம்

பாய்ப்படகு வாங்கிய அத்தான், கடைக்காரர் காட்டிய கனமான இரும்பு நங்கூரத்தை விட்டுவிட்டுப் பளபளத்த எவர்சில்வர் நங்கூரத்தை எடுத்தார். தூத்துக்குடிக் கடலில் அதை இறக்கியபோது, கயிற்றை நீளமாக விடச் சொன்னேன், கேட்கவில்லை. காற்று எழும்பியதும் நங்கூரம் மண்ணில் பிடிக்காமல் இழுபட்டு, ஒரு மீனவரின் வலையில் மாட்டிக்கொண்டது.

வள்ளத்தில் விரைந்து வந்த அவர் எங்களைத் திட்டவில்லை. எங்களை விடுவிக்கத் தன் வலையையே அறுக்கக் கத்தியை எடுத்தார்.

வயதில் மூத்த அவரிடம் அத்தான், "பாத்துலே, புது நங்கூரம். கீறல் விழுந்துரப் போவுது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கத்திய இங்கன குடுங்க அண்ணாச்சி" என்று வாங்கி, எங்கள் கயிற்றை அறுத்துவிட்டேன்.

மறுநாள் கரையில் அவரே நங்கூரத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்தார். "கீறல் விழல, பாத்துக்கிடுங்க."

அத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலை கிழிந்ததா என்று கேட்கவில்லை. அந்தப் படகில் நான் அப்புறம் ஏறவில்லை.